ஃபினாயில் மேடமும் மூன்றாம் மாடிக் கழிப்பறையும்

அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியை எல்லோரும் முன்னால் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஃபினாயில் என்பார்கள். லிஃப்ட் கதவு திறந்ததுமே அவள் மூக்கை உறிஞ்சுவாள். எந்தக் கட்டிலுக்கு அடியில் நேற்றைய பஞ்சு கிடக்கிறது, எந்த வாளியில் அழுக்குத் தண்ணீரையே மாற்றாமல் தரை துடைக்கிறார்கள் என்று அங்கே நின்றபடியே சொல்லிவிடுவாள். நாய் தோற்றது போங்கள் என்று வார்டு ஆயாக்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவளுடைய சின்ன வயதில் அம்மா வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த இடத்தில் மூத்திர நாற்றம் குடலைப் பிடுங்கும். டாக்டர்கள் ஒன்றுமே இல்லாதது போல அதற்குள் நடந்து போவார்கள். அது அவர்கள் வேலை இல்லையாம். அப்புறம் யார் வேலை என்ற கேள்வி மண்டையைக் குடைந்துதான் அவள் ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கப் போனாள்.

"டாக்டருக்கும் படிக்கல, நர்ஸுக்கும் படிக்கல. பெட்பேன் கழுவ ஒரு பட்டமா?" என்று அண்ணன் சிரித்தான்.

"கழுவினாங்களான்னு பாக்குறதுக்குண்ணா" என்றாள்.

வரவேற்பு மேஜையில் ஆரம்பித்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, படிப்படியாக மேலே வந்தாள். இப்போது தலைமை நிர்வாகி நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டால் வார்டுக்கு இன்னும் ஆட்கள், ஆயாக்களுக்கு நல்ல கையுறை என்று யாரிடமும் பல்லைக் காட்டாமல் செய்யலாம். "தரச்சான்று வாங்கிக் குடுங்க, சீட் உங்களுக்குத்தான்" என்றார் சேர்மன்.

இந்தச் சான்றுக்காக ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் ஆஸ்பத்திரிகளில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. கழிப்பறையைப் பளபளவென்று கழுவிப் பூட்டிவிடுவார்கள். யாரும் போகாத கழிப்பறை நாறாது இல்லையா? இந்தக் கூத்தைக் கண்டு காறித் துப்பியவள்தான் ஃபினாயில். ஆனால் ஆய்வாளர் வர இருந்த நாள் காலை மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டுக் கழிப்பறையைத் தன் கையாலேயே பூட்டினாள். சாவி கோட்டுப் பையில். "கொஞ்ச நேரம்தான். அவசரம்னா கீழ்த்தளத்துல போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆபரேஷன் முடிந்த பெண்கள் மூன்று மாடி இறங்கிப் போவார்களாம்!

ஆய்வாளர் வந்தார். வேறொரு ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர். வந்தவர் வார்டுக்கு வராமல் சேர்மன் அறையில் அமர்ந்து ஜூஸ் மேல் ஜூஸாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஊர்க்கதை முடிந்தபாடில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது வார்டு ஆயா ஓடி வந்தாள்.

"மேடம், கர்ப்பப்பை எடுத்த தையல்கார அக்காவால முடியல மேடம். கொஞ்சம் தொறந்து விடுங்க."

"பெட்பேன் குடு."

"அதையெல்லாம் கண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதானே ஸ்டோர்ல வெச்சுப் பூட்டச் சொன்னீங்க?"

ஃபினாயிலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் "இதோ வந்துடுவாங்க, பொறுத்துக்கச் சொல்லு" என்றாள். பொறுத்துக்கொள்ள வேண்டியது அவள் இல்லையே.

ஒருவழியாகக் கூட்டம் மூன்றாம் மாடிக்கு வந்தது. குடித்த ஜூஸ் ஆய்வாளரையும் சும்மா விடவில்லை. "இங்க டாய்லெட் எங்கம்மா?" என்று நெளிந்தார். அவள் பாய்ந்து போய்த் திறந்துவிட்டாள். பின்னாலேயே தையல்காரி சுவரைப் பிடித்து, வயிற்றைப் பிடித்து, வந்து நின்றாள். ஆய்வாளர் உள்ளே போய், நிதானமாகக் கை கழுவி, தலைமுடியைக் கூடச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"அருமையா வெச்சிருக்கீங்க!"

ஃபினாயிலின் கை தானாகக் கதவைச் சாத்திப் பூட்டியது. பூட்டிய பிறகுதான் தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். அவசரமாகத் திரும்பச் சாவியை நுழைத்தாள். அதற்குள் தரை நனைந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்று தையல்காரி கூனிக்குறுகி அழுதாள். "நான் வேணும்னு பண்ணல. எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்க..."

ஃபினாயில் சாவியைப் பூட்டிலேயே விட்டாள். ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், காலையிலேருந்து இது பூட்டித்தான் இருந்துச்சு. நான்தான் பூட்டினேன். இதை எழுதிக்குங்க."

சேர்மன் முகம் வெளிறியது. ஆய்வாளரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, எங்க ஆஸ்பத்திரியிலயும் அதேதாம்மா! நாங்க பேஷண்டுங்க தண்ணி பாட்டிலையும் பிடுங்கி வெச்சிடுவோம், குடிச்சாத்தானே போகணும்! இதையெல்லாம் போய் யாராவது எழுதுவாங்களா?" என்று, நனைந்த இடத்தை ஒதுங்கித் தாண்டி நடந்தார். "என்னமா நேர்மை பாருங்க!" என்று சேர்மனிடம் வேறு அவளைப் புகழ்ந்தார்.

சான்று வந்தது. நாற்காலியும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆட்களைக் கூட்டினாள், கையுறை வாங்கிக் கொடுத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அவளுக்குக் கொடுத்த பெரிய அறைக்குள்ளேயே ஒரு தனிக் கழிப்பறை இருந்தது. முதலில் கொஞ்ச நாள் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் போக ஆரம்பித்தாள்.