தரைத்தளம் இல்லாத கட்டடம்

1. விதி

தரைத்தளத்தில் உள்ள வீடுகளை ஒதுக்கும்போது மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும். வீட்டுவசதித் திட்டங்களில் இதுதான் விதி. நல்ல விதி. அதை நிறைவேற்ற ஒரே ஒரு முன்தேவை உண்டு: கட்டடத்துக்குத் தரைத்தளத்தில் வீடு இருக்க வேண்டும்.

குற்றாலத்தில் நாங்கள் கட்டிய கட்டடத்துக்கு அது இல்லை. இல்லாமல் செய்தவன் நான்தான். விதிப்படி செய்தேன்.

மனை பதினான்கு சென்ட். ஒரு பக்கம் லாட்ஜின் மதில், மறுபக்கம் ஓடை, பின்னால் பாறை. வாழைப்பூ மடலைப் போல ஒரு முனையில் குறுகிப் போகும் நிலம். அதில் பதினெட்டுக் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. லாட்ஜ்களில் அறை கூட்டுபவர்கள், சீசன் கடைக்காரர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள். குடிசைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் அவர்களுக்கு மாடி வீடு கட்டித் தர வேண்டும் என்பது உத்தரவு. அப்போது நான் தென்காசியில் செயற்பொறியாளர்.

ஓடைக்கு இவ்வளவு தள்ளு என்றது ஒரு விதி. மதிலுக்கு இவ்வளவு தள்ளு என்றது இன்னொன்று. இத்தனை வீட்டுக்கு இத்தனை வண்டி நிறுத்தம் என்றது மூன்றாவது. அங்கன்வாடிக்கு இடம் விடு என்றது நான்காவது. நான்கையும் மதித்த பிறகு மிஞ்சிய துண்டில் பதினெட்டு வீடுகளும் வர வேண்டுமென்றால் ஒரே வழி ஸ்டில்ட்தான். அதாவது, தரையில் வெறும் தூண்கள், அவற்றுக்கு நடுவே வண்டி நிறுத்தம், ஒரு மூலையில் அங்கன்வாடி, படிக்கட்டுக்கு அடியில் தொட்டியும் மோட்டாரும். வீடுகள் அதற்கு மேலே, மாடிக்கு ஆறாக மூன்று மாடி. அந்த உயரத்துக்கு லிஃப்ட் கட்டாயமில்லை. கட்டாயமில்லாத எதையும் நாங்கள் கட்டுவதில்லை.

பதினெட்டுக் குடும்பங்களில் வண்டி வைத்திருந்தவர்கள் நான்கு பேர். அவற்றில் ஒன்று அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர். அதன் சொந்தக்காரர் சங்கிலி. சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பியவர். முதல் பத்தியில் சொன்ன விதி யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆள், அந்தப் பதினெட்டில் அவர் ஒருவர்தான். என் வரைபடப்படி அவருடைய ஸ்கூட்டருக்குத் தரைத்தளம் கிடைத்தது.

2. குலுக்கல்

பள்ளிக்கூடக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். வீடுகள் குடும்பத் தலைவியின் பெயரில் ஒதுக்கப்படும். சங்கிலியின் மனைவி வேலம்மாள் வந்து ஒரு சீட்டை எடுத்தாள். எங்கள் பணி ஆய்வாளர் பரமசிவம் வாங்கிப் படித்தார்.

"பதினாறாம் நம்பர். மூணாவது மாடி."

சங்கிலிதான் முதலில் சிரித்தார்.

"நல்ல காத்து வரும்லா, சார்?"

"காத்து வரும்," என்றாள் வேலம்மாள். "இவுக எப்பிடி வருவாக?"

முதல் மாடி கிடைத்த ஒருவர் மாற்றிக்கொள்ளத் தயார் என்றார். ஒதுக்கீட்டைப் பயனாளிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் விதியைச் சொன்னேன். சொல்லியிருக்கவே வேண்டாம். முதல் மாடியும் மாடிதான். முன்னுரிமைப் பதிவேட்டில் சங்கிலியின் பெயருக்கு எதிரே "தரைத்தள வீடு இல்லாமையால் பொருந்தாது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த வாரம் கட்டடத்தைப் பார்க்க வந்த சங்கிலி, கேட்காமலே ஏறிக் காட்டினார். நாற்பத்தெட்டுப் படிகள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து, மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தார். முப்பது வருடம் அருவிக்கரையில் ஊரார் முதுகுகளில் எண்ணெய் தேய்த்துப் பிசைந்த கைகள்.

"பிறகென்ன," என்றேன் நிம்மதியாக.

"இது வெறுங்கை, சார். வெறுங்கையோடன்னா நான் மலையே ஏறிருவேன். தொழில் கையோட வாறதப் பாக்கணும் நீங்க."

அதையும் பார்த்தேன். சாரல் தொடங்கி முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, அருவிக்கரையில் இருந்து நேரே வந்தார். கை, முழங்கை, வேட்டி எல்லாம் எண்ணெய். படிகளில் சாரல் ஈரம். ஏழாவது படியில் கை வழுக்கித் தாடை படியில் இடித்தது. பல்லில் ரத்தம்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஏறக்கூடாதா?" என்றேன்.

"மூணு மாசம் சீசன். அந்த மூணு மாசமும் இது எங்கயும் போவாது. தோலுக்குள்ள ஊறிக் கெடக்கு. வேணும்னா கையத் தனியா கழட்டிக் கீழ வச்சிட்டு ஏறட்டுமா?"

3. கடிதம்

வழி சொன்னவர் பரமசிவம்.

"சார், ஸ்டில்ட்ல வாட்ச்மேன் ரூம் வச்சிக்கிடலாம்னு ரூல்ல இருக்குல்லா? அங்கன்வாடிய ஒட்டி ரெண்டு தூணுக்கு நடுவுல சுவர் எடுத்துட்டா ஒரு ரூம். இவரையே வாட்ச்மேன்னு வீட்டுக்காரங்க சங்கத்துல எழுதிக்கிடுவோம். மேல பொம்பளையாளும் பிள்ளையும், கீழ இவரு. ரெண்டு நாள் வேலை."

"விதியில் காவலர் அறை என்று இருக்கிறது. அதில் குடியிருக்கலாம் என்று இல்லையே?"

"குடியிருக்கக் கூடாதுன்னும் இல்லைல்லா?"

"மேலே எழுதிக் கேட்டுவிடுவோம்."

பரமசிவம் வீரகேரளம்புதூர்க்காரர். அதிகாரியிடம் குரலை உயர்த்த மாட்டார். அன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழுதாதீங்க, சார். கேக்காம செஞ்சா வேலை. கேட்டுட்டா அது ஃபைலு."

நான் எழுதினேன். ஜூலை நான்காம் தேதி, எனக்கு மேலே உள்ள கண்காணிப்புப் பொறியாளரின் வட்ட அலுவலகத்துக்கு. மூன்று பக்கம், ஏழு இணைப்புகள். விதிகளின் ஒப்பீடு, மாற்று ஏற்பாடு ஒன்று, மாற்று ஏற்பாடு இரண்டு, திருத்திய வரைபடம். என் பணிக்காலத்தில் அதைவிட நேர்த்தியான கடிதம் எழுதியதில்லை. இன்று யோசித்தால், அந்த நேர்த்திக்காகத்தான் எழுதினேனோ என்று தோன்றுகிறது.

இளம் பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு பொருளைப் பற்றி மேலிடத்தில் விளக்கம் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்தப் பொருளைத் தொடக் கூடாது. நேற்றுவரை என் கையில் இருந்த இரண்டு தூண்கள் மறுநாள் முதல் என் கையில் இல்லை.

ஆவணியில் வீடுகளை ஒப்படைத்தோம். வேலம்மாளும் மகளும் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். சங்கிலி, கட்டட வேலையின்போது குடும்பங்கள் தங்குவதற்காக ஓடையோரம் நாங்கள் போட்டிருந்த தகரக் கொட்டகையில் தங்கினார். சாப்பாடு மேலிருந்து கயிற்றில் வாளி வழியாக இறங்கும்.

"கலியாணம் ஆயி இத்தனை வருசத்துல இப்பத்தான் மாமியார் வீடு மாதிரி கவனிப்பு," என்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு.

"வாயக் குறைச்சிட்டுச் சோத்தத் தின்னுங்க. வாளி வேணும்," என்று மேலிருந்து குரல் வரும்.

மாதம் ஒன்றாக மூன்று நினைவூட்டுகள் அனுப்பினேன். பதில் இல்லை.

4. ஓடை

ஐப்பசியில் மலைமேல் பெய்தால் கீழே உள்ளவனுக்கு முதலில் தெரிவதில்லை. தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும். ஒரு நாள் விடியற்காலை ஓடை கொட்டகைக்குள் வந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி வந்தபோது சங்கிலி ஸ்கூட்டர் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தாராம். கைகளால் கொட்டகையின் குறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கிறார். தண்ணீர் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்ச் சேர்ந்தாள். பின்னால் போன இருவர் அவரை முதுகில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஸ்கூட்டரை மதியம்தான் எடுக்க முடிந்தது.

பரமசிவம் போனில் இதையெல்லாம் சொன்னார். நான் கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கடிதம் போய் அன்றோடு நூற்றுப் பதினோரு நாள். நான் விதி எதையும் மீறியிருக்கவில்லை. அதைக் கோப்பில் இருமுறை சரிபார்த்தேன்.

5. சுவர்

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது அங்கன்வாடியை ஒட்டி இரண்டு தூண்களுக்கு நடுவே ஹாலோ பிளாக் சுவர் நின்றது. கதவு, ஒரு ஜன்னல், வாசலில் சாய்தளம். பதினெட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எழுப்பியது. என் திருத்திய வரைபடத்தில் இருந்த அதே அளவு. வரைபடம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று பரமசிவத்திடம் கேட்கவில்லை. அவரும் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில்தான் இருக்கிறது," என்றேன்.

"ஆமா, சார். ரூல்ல அப்பிடித்தான இருக்கு," என்றார்.

ஆய்வுக் குறிப்பில் "தூண்களுக்கிடையே தடுப்பு ஒன்று காணப்பட்டது" என்று எழுதினேன். பொய்யில்லை.

மறு வருடம் சாரல் வரும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. சாரல் வந்ததும் பக்கத்து லாட்ஜ் முதலாளி மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார். பொதுமக்களின் வாகன நிறுத்தத்தை ஒருவர் ஆக்கிரமித்திருக்கிறார், அகற்ற வேண்டும் என்று. மனு ஆட்சியரின் கையெழுத்தோடு எனக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். எங்கள் ஸ்டில்ட்டில் ஆறு கார்கள் நின்றன. ஆறும் லாட்ஜில் தங்கியிருந்தவர்களுடையவை.

ஆனாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான். ஏழு நாளில் விளக்கம் தருமாறு சங்கிலிக்கு அறிவிப்பு எழுதி, நானே கொண்டுபோனேன். வேலம்மாள் அதை வாங்கி முழுவதும் படித்தாள்.

"ஏழு நாளுல நாங்க பதில் சொல்லணுமோ?"

"ஆமாம்."

"நீங்க எழுதுன காயிதத்துக்கு அவுக பதில் சொல்லிட்டாகளா, சார்?"

"இன்னும் இல்லை."

"வருசம் ஆவப் போவுது. அவுகளுக்கு ஏழு நாளு கிடையாதோ?"

உள்ளேயிருந்து சங்கிலி குரல் கொடுத்தார். "ஏட்டி, சாரத் திட்டாத. சார், அந்தப் பதில் வரட்டும். வாறன்னிக்கு அதுல காலி பண்ணுன்னு இருந்தா, நான் ஓடைக்கே போயிருதேன். இது என் வாக்கு."

தென்காசிக்குத் திரும்பும் வழியில் அவள் கேள்வியை ஒரு விதியாக மாற்றிப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. விளக்கம் கோரிய பொருள் நிலுவையில் இருக்கும்போது நான் எப்படிச் சுவரை எழுப்பக் கூடாதோ, அப்படியே இடிக்கவும் கூடாது. ஆட்சியர் அலுவலகத்துக்கு அன்றே பதில் எழுதினேன்: "இப்பொருள் குறித்து வட்ட அலுவலகத்தின் தெளிவுரை எதிர்நோக்கப்படுகிறது. அதுவரை தற்போதைய நிலையே தொடரும்." லாட்ஜ் முதலாளி மேலும் இரண்டு மனுக் கொடுத்தார். அதே வாக்கியத்தையே இரண்டு முறையும் அனுப்பினேன்.

சங்கிலியை ஓடைக்கு அனுப்பிய கடிதம்தான் இப்போது அவரை அறையில் வைத்திருந்தது. அது பதிலில்லாமல் இருக்கும்வரை சுவர் இருக்கும். வருகிற பதில் "அகற்றுக" என்று இருந்தால் நானே ஆள் வைத்து இடிக்க வேண்டும். பதில் ஒருவேளை சாதகமாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நினைவூட்டுக்கூடத் தவறவிடாதவன், அந்த ஒரு கோப்பில் மட்டும் நினைவூட்டுவதை நிறுத்தினேன். எழுத்தர் மாதந்தோறும் எடுத்து வைப்பார். "பிறகு பார்க்கலாம்" என்று நான் திருப்பி வைப்பேன். ஓய்வுக்கு ஓராண்டுகூட இல்லை என்ற நிலையில், எனக்குப் பின் வருபவர் நினைவூட்டிவிடுவாரே என்பதுதான் கவலை.

6. பதில்

வட்ட அலுவலகத்தில் வருடாந்திர ஆய்வு வந்தது. நிலுவைக் கடிதங்களை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குவியலில் என்னுடையதும் அகப்பட்டிருக்கிறது. உறை வந்தபோது பரமசிவம் என் எதிரில் இருந்தார். பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"பிரிங்க, சார். அவரு வாக்குக் கொடுத்தவரு. போயிருவாரு," என்றார்.

பிரித்தேன். மூன்று பக்கத்துக்கு மூன்று வரி. காவலர் அறை விதிகளில் அனுமதிக்கப்பட்டதே. அதன் பயன்பாட்டைச் செயற்பொறியாளர் தம் அளவிலேயே முடிவு செய்யலாம். இத்தகைய இனங்களில் தேவையற்ற கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்க வேண்டும்.

செயற்பொறியாளர் என்றால் நான்.

பத்து நிமிடத்தில் ஆணையைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். மாலை குற்றாலம் போய்ச் சங்கிலியிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கை என்பதால் வேலம்மாள்தான் வாங்கினாள். கடிதத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன். சங்கிலி கேட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் கம்பியப் பிடிச்சித் தொங்கிக்கிட்டு இருக்கையில, இந்த உத்தரவு போடுத ஆளு நீங்கதானா?"

"ஆமாம்."

"சரி, வுடுங்க," என்றார். "கழுத்து ஏன் இப்பிடி இறுகிப் போய்க் கெடக்கு ஒங்களுக்கு? உக்காருங்க. ஒரு பிடி பிடிச்சி விடுதேன்."

உட்காரவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் கற்றதை இளையவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதியைப் படிக்கும்போது அது என்ன தடுக்கிறது என்பதோடு, முடிவெடுக்கும் வேலையை யாரிடம் விட்டிருக்கிறது என்றும் பாருங்கள். அங்கே உங்கள் பதவியின் பெயர் இருந்தால் பேனாவை மூடிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

என் அதிகாரத்தில் இருந்ததை நான் கேட்டு எழுதியது ஜூலை நான்கு. அது என் அதிகாரத்தில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது, இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை.