காதிலிருந்து எடுத்துத் தந்த மூக்கு

செவ்வாய்க்கிழமை காலை தேநீர் வடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா, அன்ரி" என்றாள் பிலோமினாவின் மகள். என் கை இடது காதின் பின்னால் போயிருந்தது.

இதை வாசிக்கும் உங்களுக்குப் பிலோமினா சத்திரசிகிச்சை நிபுணர். எனக்குக் கன்னியர் மடப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவள்.

முச்சக்கரவண்டி புரண்டு என் மூக்கு நுனி சப்பையானபோது, அவளிடம் கேட்காமலே கொழும்புக்குப் போய்ச் சிலிக்கோன் துண்டு வைத்துக்கொண்டேன். மூக்கு எடுப்பாகத்தான் இருந்தது. சில மாதங்களில் நுனி சிவந்து மினுங்கத் தொடங்கியது. பவுடர் பூசி மறைத்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், பிலோமினா என் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். பெருவிரலால் நுனியை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"எடி ரெஜினா, தோல் வெங்காயச் சருகு மாதிரிக் கிடக்குது. உள்ளுக்கு வைச்சது வெளியில வரப்போகுது. உடனே எடுக்கவேணும்."

"எடுத்தா மூக்கு இருக்குமோ?"

"விட்டா ஓட்டைதான் இருக்கும். பவுடரை அதுக்குள்ள போடு."

எடுத்தாள். தோல் தேறும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்கச் சொன்னாள். குழிந்த மூக்கோடு நான் லிங்கநகர் வீட்டின் கேற்றைப் பூட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் காரில் வந்து ஹோர்ன் அடிப்பாள். "நான் உன்ர மூக்கைக் கூப்பிடேல்லை, உன்னைத்தான் கூப்பிடுறன்" என்பாள். பூசையில் முன்வரிசையில் இருத்துவாள். திரும்பும்போது கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, துறைமுகப் பக்கமாகச் சுற்றி, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவாள்.

பிறகு என் காதின் பின்னால் வெட்டி, குருத்தெலும்பு எடுத்து, நுனியைக் கட்டித் தந்தாள். "நுனியில வெளிச்சாமான் வாடகைக்குத்தான் இருக்கும். இது உன்ர சொந்தம்." மூக்குத் தேறிய பிறகும் அவளுடைய ஞாயிறு ஹோர்ன் நிற்கவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியில் அவளைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சை அளவுமீறித் திணித்திருந்தார்கள். மூக்கு அகன்று, யாரோ ஒருத்தி போலக் கிடந்தாள். எத்தனை பேரின் மூக்கை மயிரிழை பார்த்துச் சரிசெய்தவள்!

நான் பஞ்சில் கை வைத்ததும், "விடுங்கோ அன்ரி, மூடப்போறம்" என்றார்கள் வீட்டார்.

விடவில்லை. பாதிப் பஞ்சை இழுத்தெடுத்தேன். பிலோமினாவின் முகம் திரும்பி வந்தது. அதன் பிறகே மூட விட்டேன்.

இதை எழுதும்போது மூக்குக்கண்ணாடி வழுகி வந்து அவள் கட்டிய நுனியில் நிற்கிறது. அதன் கால் காதின் பின்னால் அவள் தைத்த தழும்பில் தட்டுகிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை இரண்டும்.

இந்த ஞாயிறு ஹோர்ன் அடிக்காது. கேற்றை நானே திறந்து, இந்த முகத்தோடு பூசைக்கு நடந்து போகவேண்டும்.