ஆன்ஷெல் மாமாவின் இடது கை

நீலச் சாயக் குப்பியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் மூடியைத் திருகுகிறார் ஆன்ஷெல் மாமா. மூடி அசைவதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. இடது கை மேலங்கியின் பைக்குள் இருக்கிறது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் அவருக்கு ரொட்டிக் கடை. யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா வந்துவிட்டால் நாளுக்கு எண்ணூறு ஜாம் டோனட் பொரித்துத் தள்ளுகிற மனிதர், மதியம் மூன்று மணிக்கெல்லாம் தொழுகைக்கூடத்தை ஒட்டிய பிள்ளைகள் வகுப்பில் ஆஜராகிவிடுவார். "பொரிச்சுப் பொரிச்சு மூக்கெல்லாம் எண்ணெய். இங்க வந்தாத்தான் வேற வாசனை" என்பார். நிறங்களுக்குக்கூட அவரிடம் கடைப் பெயர்கள்தாம். பழுப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுளிப்பார். அது 'தீஞ்ச ரொட்டி'. மஞ்சள், 'முட்டை தடவினது'.

பதினெட்டு வருடமாக ஒரே வேலை. பிள்ளைகளின் உள்ளங்கைகளில் சாயம் பூசி, கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டி நிற்கும்படி தாளில் பதியவைப்பது. எட்டு விரல்களும், நாளுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுகிற எட்டு விளக்குகள். நடுவில் சேர்ந்து நிற்கும் கட்டைவிரல்கள், மற்ற விளக்குகளை ஏற்றிவைக்கிற ஷாமஷ். காய்ந்த பிறகு அன்றைக்கு எத்தனையாம் நாளோ அத்தனை விரல்களுக்குச் சுடர் வரைய வேண்டும், வலது கோடியிலிருந்து. இதிலெல்லாம் மாமா படு கறார். "கை ஒரு தடவைதான் இறங்கணும். இழுக்கக்கூடாது. இறக்கு, எடு, அவ்ளோதான்." சாயக் கையோடு எந்தப் பிள்ளையையும் வாசல் தாண்ட விடமாட்டார்.

"நீங்க பதிக்கலையா மாமா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்.

"எனக்குப் பிரஷ் கழுவணும் கண்ணு" என்று குழாயடிக்கு நழுவிவிடுவார்.

பத்தொன்பது வயதில், மாவு பிசையும் மெஷின் அவருடைய இடது சுண்டுவிரலை அடியோடு வாங்கிக்கொண்டது. அதற்கு அவர் அழவில்லை. இந்த வகுப்புக்கு வந்த முதல் வருடம், ஒரு குழந்தை அந்தக் கையைப் பார்த்து வீறிட்டது. தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் அழுதார். இன்னொரு பிள்ளை தன்னைக் கண்டு கதறினால் அப்புறம் இந்தப் படியை மிதிப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறார். பெரிய பை வைத்த மேலங்கியும் அப்போது வாங்கியதுதான்.

இந்த வருடம் ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை. கொடியில் இருபத்துமூன்று தாள்கள் தொங்கின. இருபத்துநாலாவதற்கு உரியவளான பேலா, ஆறு வயசு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல நீங்க வைங்க. அப்புறம்தான் நான்."

"எனக்குப் பிரஷ்..."

"எல்லாத்தையும் நான் கழுவிட்டேன்."

கழுவித்தான் இருந்தாள், பிசாசுக்குட்டி. ஒன்பது பிரஷ்களும் டம்ளரில் தலைகீழாக நின்றன.

டீச்சர் ஷிஃப்ரா தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ பிடிச்சா பிடிதான் மாமா. அவ அப்பாவே அவகிட்ட வாய் கொடுக்கிறதில்ல. நாலரைக்கு எல்லா வீட்டுக்காரங்களும் வந்துடுவாங்க. இவ தாள் மட்டும் இல்லேன்னா அப்ப உக்காந்து அழுவா."

மாமா குனிந்தார். "பேலா, என் கை பாக்க நல்லா இருக்காது."

"சாயம் பூசினா யார் கையுமே நல்லா இருக்காது."

பைக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது. மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவை மட்டும் பார்த்துக்கொண்டார்.

பேலா பிரஷை எடுத்து, வலது கையில் தொடங்கி விரல் விரலாகப் பூசினாள். இடது கையின் கடைசியில் பிரஷ் நின்றது.

"இங்க ஒண்ணு எங்க?"

"மெஷின் தின்னுடுச்சு."

"வலிச்சுதா?"

"அப்ப வலிச்சுது."

அவள் 'ம்' என்று சொல்லிவிட்டு, விரல் இல்லாத இடத்திலும் கொஞ்சம் பூசினாள். மாமா கைகளைத் தாளுக்கு மேலே கொண்டுபோனார், இறக்கவில்லை.

"ஒரு தடவைதான் இறங்கணும்" என்றாள் பேலா. "இழுக்கக்கூடாது."

இறக்கினார். எடுத்தார். வலப்பக்கம் நான்கு விரல்கள், நடுவில் ஷாமஷ், இடப்பக்கம் மூன்று. இடது கோடி வெறுமையாக இருந்தது. "தப்பாப் போச்சு, விடு" என்று தாளை அவசரமாக மடிக்கப் போனவரின் கையைப் பேலா தட்டிவிட்டாள். வலது கோடியிலிருந்து விரலை வைத்து எண்ணினாள்.

"தப்பில்லையே. இன்னிக்கு ஏழாம் நாள்தானே, ஏழு விளக்குதான் வேணும். எங்களுதுலதான் ஒண்ணு அதிகம்."

அவ்வளவுதான், வகுப்பே கொடியை நோக்கி ஓடியது. "டீச்சர், என்னுதுல ஒரு விரலை அழிச்சிடலாமா?" என்று ஒருத்தி கவலையோடு கேட்டாள். ஷிஃப்ரா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பேலா தன் கைகளை நீட்டினாள். "உங்களுது இன்னிக்கு, ஏழு. என்னுது நாளைக்கு, எட்டு."

மாலை, டிராமில் நல்ல கூட்டம். காலி டோனட் தட்டை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற ஆன்ஷெல் மாமா, மேலே தொங்கிய பிடியை இடது கையால் பற்றியிருந்தார். கையில் நீலச் சாயம் அப்படியே இருந்தது.