பந்து ரூம் சாரும் வாயாடியின் அம்மாவும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் சமூகப் பணியாளருக்கென்று தனி அறை கிடையாது. விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு பீரோ. மீதி இடமெல்லாம் காற்றுப்போன பந்துகளும் கிழிந்த வலைகளும். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பந்து ரூம் சார். அவரை விளையாட்டு வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு, "எம்பொண்ண ஓட்டப் பந்தயத்துல சேத்துக்குங்க சார்" என்று வந்து நின்ற பெற்றோரும் உண்டு.

அவர் வேலை வேறு. வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை ஏன் அங்கே இல்லை என்று தேடிப் போவதுதான் அவர் பாடு. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ காரணங்களைப் பார்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடி உடைந்ததை வீட்டில் சொல்லப் பயந்து கரும்பலகை தெரியாமலே இருந்து, பிறகு வராமலே போனவள் ஒருத்தி. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று நின்றுவிட்ட பெண்கள் நான்கு பேர். தாழ்ப்பாளை அவரே கடையில் வாங்கி வந்து, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்று முடுக்கினார். மறுநாள் நான்கு பேரும் வந்தார்கள். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது.

இப்படிப்பட்டவர் காதிலேயே ஒரு பத்தாம் வகுப்புப் பெண் பூச்சுற்றினாள்.

வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அவள் வந்த நாளில் வகுப்பு கலகலக்கும். வராத நாளில் டீச்சர்களுக்கே ஏதோ குறையும். அந்த வருஷம் அப்படி வராத நாட்கள் கூடிக்கொண்டே போயின. பந்து ரூம் சாருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வீட்டுக்குப் போன் போடுவார். எடுக்கவில்லையென்றால்தான் நேரில் போவார். வாயாடியின் வீட்டில் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்கள்.

"அம்மாதாங்க பேசுறேன்" என்று கரகரத்த குரல் வரும். "பிள்ளைக்கு வயித்து வலிங்க சார். நாளைக்கு அனுப்பிடுறேன்."

"பின்னால என்னம்மா அவ்ளோ சத்தம்?"

"மிக்ஸி ஓடுதுங்க."

காலை பதினொரு மணிக்குப் போட்டாலும் மிக்ஸி, மூன்று மணிக்குப் போட்டாலும் மிக்ஸி. பாவம், எவ்வளவு உழைக்கிற அம்மா என்று அவர் மனம் உருகினார். பதின்மூன்று முறை பேசினார். ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் கோப்பில் எழுதினார்: 'தாய் பொறுப்பானவர். நன்கு ஒத்துழைக்கிறார்.'

தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நாப்பத்தோரு நாள் லீவு சார். இப்பவே கணக்குக்குக் கீழ போயாச்சு. நான் மன்னிச்சுக் கையெழுத்துப் போட்டாதான் அவ பரீட்சை எழுத முடியும்."

"அவங்கம்மா ரொம்பப் பொறுப்பானவங்க மேடம். எப்ப போன் போட்டாலும் எடுக்குறாங்க."

"அவ்ளோ பொறுப்பானவங்க ஒரு தடவ நேர்ல வரட்டுமே? வெள்ளிக்கிழமைக்குள்ள என் முன்னாடி உக்காந்து பேசணும். இல்லேன்னா அவளுக்கு இந்த வருஷம் அவ்ளோதான்."

அன்றே போன் போட்டார். "வெள்ளிக்கிழமையாங்க?" என்று குரல் ஒரு கணம் தடுமாறியது. "ஐயோ, எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சே சார். மாடிப்படி எறங்க முடியல."

பந்து ரூம் சார் மறுநாள் மருந்துக் கடையில் சுளுக்குத் தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு, தானே கிளம்பினார்.

வீடு ஓர் அச்சகத்துக்கு மேலே, குறுகலான படிகள் ஏறிப் போகவேண்டும். பெல்லை அமுக்கினார். சத்தமே இல்லை. கெட்டுப்போயிருக்கும் என்று கதவைத் தட்டினார், இன்னும் பலமாகத் தட்டினார். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார் கதவ ஒடைக்கிறீங்க? பெல்லையே அமுக்குங்க. அதுல சத்தம் வராது, உள்ள லைட்டு எரியும்."

மறுபடி அமுக்கியதும் ஒரு பெண் நல்ல நடையில் வந்து கதவைத் திறந்தார். கையில் தைக்கிற துணி, வாயில் நூல்.

"வணக்கம்மா. நான்தான், நேத்துக்கூடப் போன்ல பேசினோமே..."

அந்த அம்மா அவர் உதடுகளையே பார்த்தார். புன்னகைத்தார். காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார்.

"போன்லயா?" எதிர்வீட்டு அம்மாள் சிரித்தேவிட்டார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பொறந்ததுலேருந்து காது கேக்காது சார். பேச்சும் கிடையாது. நீங்க யாருகிட்டப் பேசினீங்களோ!"

அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அசடு வழிய நின்றார். அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தாள் வாயாடி. தலையெல்லாம் மரத்தூள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கால் சுளுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

அவளுக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது. பிறகு அவரைக் கீழே அச்சக வாசலுக்குக் கூட்டிப்போய் அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். அப்பா மரப்பட்டறையில் தச்சர். புதிதாக வந்த மேஸ்திரி, காது கேட்காத ஆளை வைத்து வேலை வாங்க முடியாது, நிறுத்திவிடுவேன் என்றாராம். புது வேலை வரும் நாளெல்லாம் இவள் போய் நடுவில் நின்று சைகையில் சொல்கிறாள். பள்ளியில் வீட்டு நம்பர் என்று கொடுத்தது இவள் கையில் இருக்கும் போன்; மிக்ஸி என்றது பட்டறை ரம்பம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஸ்கூல் அரை நாள்தான், மீதி நேரம் அப்பாகூட இருக்கேன்னு சொல்லிருக்கேன் சார். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

"அம்மாகிட்ட மறைக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி உங்கப்பா வேலையப் பாப்போம்."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனார். மேஸ்திரி கெட்டவரில்லை. "நல்ல வேலைக்காரன் சார், கைசுத்தம். ஆனா நான் சொல்றது அவனுக்கு எப்படிப் புரியும்?"

"எழுதிக் காட்டினீங்களா?"

"அவனுக்குப் படிக்கத் தெரியுமா?"

மேஸ்திரி ஒரு பலகையில் பென்சிலால் அலமாரி ஒன்றை வரைந்து அளவுகளை எழுதினார். தச்சர் குனிந்து பார்த்தார். பென்சிலை வாங்கி ஓர் எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: 'இந்த அளவுக்குப் போட்டால் கதவு மூடாது.'

மேஸ்திரி அளவுநாடாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அடிப்பாவி" என்றார் வாயாடியைப் பார்த்து. "இவ்ளோ தெரிஞ்ச ஆளுக்கு நீ எதுக்கு வந்து நடுவுல நின்ன?"

"நீங்க என்கிட்டயே பேசினீங்க, நானும் பேசினேன்" என்றாள் அவள்.

அன்று மாலையே பந்து ரூம் சார் தச்சர் வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் காகிதத்தில் எழுதி அந்த அம்மாவிடம் நீட்டினார். படித்து முடித்தவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சைகை எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா தலைமையாசிரியை அறைக்கு வந்தார். வாயாடி வழக்கம்போல நடுவில் வந்து நின்றாள். "நீ போய்ப் பந்துகளுக்குக் காத்தடி" என்று அவளை வெளியே அனுப்பினார் பந்து ரூம் சார். காது கேளாதோர் பள்ளியிலிருந்து சைகை மொழி டீச்சர் ஒருவரை அவர் அழைத்து வந்திருந்தார்.

கோப்பு மேசைமேல் கிடந்தது. அந்த அம்மா அதைக் காட்டி விரல்களை அசைத்தார். "போன்ல தான் என்னவெல்லாம் பேசினோம்னு இவங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமாம்" என்றார் டீச்சர்.

பந்து ரூம் சார் வெட்கத்தோடு வாசித்தார். "'மகள் கணக்கில் வீக் என்று தாய் கவலைப்படுகிறார்.' 'மகளை ரொம்பத் திட்ட வேண்டாம், நல்ல பிள்ளை என்று தாய் கேட்டுக்கொண்டார்.'"

இரண்டாவதைக் கேட்டதும் அந்த அம்மா குலுங்கிச் சிரித்தார். தலைமையாசிரியையும் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு அந்த அம்மாவின் கைகள் நிதானமாகப் பேசின. டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார்:

"அவ என் பேர்ல பொய் சொன்னது தப்பு, அத நான் பாத்துக்கறேன். ஆனா என் பிள்ளை எங்கேன்னு இவர் பதிமூணு தடவ கேட்டிருக்காரு. எங்க சொந்தக்காரங்ககூட அத்தன தடவ கேட்டதில்ல. இனிமே அவகிட்டக் கேக்க வேண்டாம், என்கிட்ட எழுதுங்க. எனக்கும் போன் இருக்கு."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து காலை ஒன்பதரைக்குப் பந்து ரூம் சாரின் போனில் செய்தி வரும்: 'வந்துட்டாளா?' அவர் பத்தாம் வகுப்பு ஜன்னல்வரை நடந்து, உள்ளே வாயடித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துவிட்டு, 'வந்துட்டாம்மா' என்று அனுப்புவார். பரீட்சைவரை ஒருநாள்கூட அந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. ஒரே ஒருநாள் அவர் பதில் அனுப்ப மறந்துபோனார்; பத்து நிமிஷத்தில் அந்த அம்மாவே வாசலில் நின்றார்.

பரீட்சையின் முதல் நாள் கூட்டம் நெரித்தது. வாயாடி தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அவர் எழுதினார்: 'உள்ள போயிட்டா. மொத பெஞ்சு.'

உடனே பதில் வந்தது. 'நன்றி சார். காலையில் சாப்பிட்டீங்களா?'

ஊரார் பிள்ளைகளைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த ஒன்பது வருஷத்தில் எந்த வீட்டிலிருந்தும் அவருக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. மைதானத்து ஓரப் படியில் உட்கார்ந்து, எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத் தெரிய, 'இனிமேதாம்மா' என்று தட்டினார்.