சிவப்பைக் கூட்டிய மாதங்கள்

என் நோய் முதலில் தெரிந்தது அடுத்தவர் வீட்டு டிவியில்தான். ஆம்பூருக்குக் கலர் டிவி வந்த புதிது. அதைத் திறந்து சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. திடீரென்று எந்த செட்டைப் பார்த்தாலும் முகங்கள் சோகை பிடித்தவை போல வெளுத்துத் தெரிந்தன. மட்டமான படக்குழாயைப் போட்டு நம் தலையில் கட்டுகிறான்கள் என்று திட்டிக்கொண்டே, பின்பக்கத் திருகைத் திருப்பிச் சிவப்பைக் கூட்டினேன்.

"இன்னாண்ணா, நியூஸ் வாசிக்கிறவர் மூஞ்சி கொரங்கு மாதிரி செவந்து கெடக்குது?" என்றார் மளிகைக்கடை முருகேசன்.

"கலர் பாத்துப் பழகாத கண்ணு. போகப் போக சரியாயிடும்."

கறுப்பு வெள்ளையிலேயே காலம் தள்ளிய ஜென்மத்துக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நான் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி ஸ்டெல்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எந்த வீட்டிலும் வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

ரஹீம் பாய் வீட்டு செட்டையும் அப்படித்தான் கெடுத்தேன். அவர் தோல் தொழிற்சாலையில் நிறம் பார்ப்பவர். வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரித் துண்டோடு சாயமேற்றிய தோலை ஒப்பிடுவது அவர் வேலை. மறுநாள் காலை கடைக்கு வந்து, வெயிலில் இரண்டு தோல் துண்டுகளை நீட்டினார்.

"இதுல ஒண்ணு செகப்பு, ஒண்ணு பாசிப் பச்ச. எது எதுன்னு சொல்லு."

"ரெண்டும் ஒரே மண்ணு கலரு. இன்னா பாய், வெளையாடுறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "கோளாறு டிவியில இல்ல தோஸ்த். நாளைக்கே வேலூர் போ."

வேலூரில் கண் மருத்துவர் ஒரு புத்தகத்தைக் காட்டினார். நிறப்புள்ளிகளுக்குள் எண்கள் இருக்குமாம். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

பின்னால் பெஞ்சில் ஆம்பூர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள். "இல்ல டாக்டர்" என்றேன்.

ஸ்டெல்லா பையைத் திறந்து மாத்திரைகளை மேசைமேல் வைத்தாள். "பொய் சொல்றாரு டாக்டர். டிபிக்கு நாலு மாசமா சாப்பிட்றாரு."

அந்த நிமிடம் அவளை வெறுத்தேன். கண்ணை விட மானம் பெரிதென்று நினைத்த என் மூளையை எந்தக் குப்பையில் போடுவது?

எத்தாம்பியூட்டால் (காசநோய் மாத்திரைகளில் ஒன்று) சிலருக்குப் பார்வை நரம்பைப் (கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு) பாதிக்குமாம். பெரும்பாலும் சிவப்பும் பச்சையும்தான் முதலில் மங்குமாம். "இன்னும் மறைச்சிருந்தீங்கன்னா பார்வையே போயிருக்கலாம்" என்றார் மருத்துவர். நெஞ்சுநோய் மருத்துவரிடம் பேசி, அந்த மாத்திரைக்குப் பதில் வேறொன்று கொடுத்தார்கள். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்களே, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் என்னைப் போல மறைத்து முட்டாளாகாதீர்கள்.

பல மாதம் கழித்து ஒரு காலையில், ஸ்டெல்லா காயப்போட்டிருந்த மிளகாய் சிவப்பாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு வீடு வீடாகப் போய் நான் கெடுத்த செட்டுகளைச் சரிசெய்தேன். கடைசியாக முருகேசன் வீடு. திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததும் அவர் முகம் சுளித்தார்.

"இன்னாண்ணா, எல்லாருக்கும் ரத்தம் சுண்டிப்போன மாதிரி இருக்குது? பழையபடியே வெச்சுடுங்க."

"அதுதான் தப்பு. அப்ப என் கண்ணுல கோளாறு."

"போகப் போக சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு சரியாயிடுச்சு."

திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினேன்.

நோய் என் உடம்பை விட்டுப் போய்விட்டது. முருகேசன் வீட்டில் மட்டும் இன்னும் இருக்கிறது. மாலையில் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம், அவர் வீட்டு ஜன்னலில் நான் சிவப்பைக் கூட்டிய அந்த மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.