உச்சி வெயிலில் ஒரு தாஜ்மகால்

கந்தப்பன் தன் வாழ்நாளில் கலப்படமில்லாமல் உண்மை பேசியது மூன்றே நாள்தான். 1983 சித்திரையில், சேலம் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்த நாட்கள் அவை. பக்கத்தில் இருந்தவர் தங்கை செல்லியம்மாள். அண்ணன் சொன்னதை அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். நம்பாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம். நம்புகிறவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தனியாக இருந்து படிக்க வேண்டாம்.

திருச்செங்கோட்டில் ஒரு பழைய ரிக் வண்டியோடும் காலில் கனத்த பூட்ஸோடும் தோட்டங்களில் போர்வெல் போட ஆரம்பித்தவர் கந்தப்பன். தண்ணீர் வந்தால் தன் கைராசி என்பார். வராவிட்டால் தோட்டத்துக்காரன் செய்த பாவம் என்பார். காசு சேர்ந்ததும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு மாடி வீடு கட்டி, சம்சாரத்தின் பெயரால் 'சௌந்திரம் இல்லம்' என்று வாசலில் பொறித்தார். மறு வருடமே அந்தச் சௌந்திரம், மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போனவள், தவறி விழுந்து செத்துப்போனாள். கந்தப்பன் அன்று ஒசூர்ப் பக்கம் போர் போடப் போயிருந்தாராம். அவரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஹால் ஷோகேஸில் இருந்த தாஜ்மகாலுக்கு மவுசு வந்தது. ஒரு முழ உயரம். உள்ளே சிவப்பு பல்பு எரியும். ஆக்ராவில் சொல்லிச் செய்த பளிங்கு என்பார். ஷாஜகானுக்கு அடுத்து, பெண்டாட்டிக்கு மகால் வைத்தவன் தான்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். யாரையும் தொட மட்டும் விடமாட்டார். தொட்டால் தெரிந்துவிடும், அது பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு பொய் தாங்காது. நாலு வருடத்தில் பழுத்த பூவரச இலை போல மஞ்சளாகிவிட்டது.

"ஏனுங்ண்ணா, பளிங்குக்கு மஞ்சக்காமாலை வருமுங்களா?" என்று செல்லியம்மாள் கேட்டார். கந்தப்பன் அன்று சோறு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் சம்பந்தம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா, நாமக்கல் கோழிப்பண்ணை வெங்கடாசலம், ஞாயிறு மத்தியானம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். பேர்போன அந்தப் பளிங்கு மகாலையும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். கூடையில் ஒரு கூமுட்டை இருந்தாலும் கூடையையே திருப்பி அனுப்புகிற ஆள் அவர். மகால் மஞ்சளாக நின்றால் பெண் இல்லை.

கந்தப்பன் அம்மாபேட்டைக்குப் போய், நூல் வெளுக்கிற பட்டறையில் ஒரு கேன் மருந்து வாங்கினார். எதற்கென்று சொல்லவில்லை. பட்டறைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீரில் கலந்து முக்கி, உச்சி வெயிலில் வைக்க வேண்டும். நிழல் விழுந்த இடம் வெளுக்காது.

வேலைக்காரர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை தானே தொட்டியைச் சுமந்துகொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாலு வருடமாகத் திறக்காத கதவு. பூட்டில் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. மகாலை முக்கி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இரண்டு மணிக்கு வந்து தூக்கிப் பார்த்தார். கோபுரம் வெள்ளை. தூண்கள் வெள்ளை.

அடித்தட்டின் ஓரத்தில் மட்டும் நாலு மஞ்சள் கோடுகள். யாரோ விளிம்பைப் பிடித்துத் தொங்கியது போல... நாலு விரல். மோதிர விரல் பாதிதான்.

சௌந்திரத்துக்குச் சின்ன வயதில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷினில் போன விரல் அது.

சனிக்கிழமை மறுபடி முக்கினார். இம்முறை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார். சங்கு ஊதியது. காற்று நின்றது. ஈர வடகத்தின் வாசம் வந்தது.

தொட்டித் தண்ணீரில் ஒரு நிழல் விழுந்தது.

நிமிர்ந்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

மகாலை வெளியே எடுக்க வலது கையை உள்ளே விட்டார். தண்ணீருக்குள் ஏதோ மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. கண்ணாடி வளையல் சத்தம்...

உதறி எடுத்தார். மருந்து பட்டுக் கை முழங்கைவரை வெந்த சுண்ணாம்பாக வெளுத்து எரிந்தது. மணிக்கட்டில் மட்டும் நாலு இடம் வெளுக்கவில்லை.

ஒன்று பாதி.

ஞாயிற்றுக்கிழமை. கொளுத்தும் வெயிலில் முழுக்கைப் பட்டுச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டினார். மகாலின் ஓரத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு மணி நேர வெயில் போதும் என்று தொட்டியோடு மேலே ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது. சங்கும் கிடையாது.

ஊதியது.

"தள்ளி நில்லுங்க மாமா... நெழல் உழுகுது."

குரல் முதுகுக்குப் பின்னால் இல்லை. எதிரே. ஆள் இல்லை.

ஓர் அடி பின்னால் வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம்..."

வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் மாமா..."

கைப்பிடிச் சுவர் தொடையில் இடித்தது.

வாசலில் அம்பாசிடர் நின்றது. வெங்கடாசலம் தாம்பூலத் தட்டோடு இறங்கி, வீட்டின் உயரத்தை அளக்க அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளை பட்டுச் சட்டையில் சுவரின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"மேல ஆருமே இல்லீங்க," என்று பிறகு வெங்கடாசலம் போலீசில் சொன்னார். "வெரலு ஒவ்வொண்ணா எந்திரிச்சுதுங்க. ஆரோ பிரிச்சு உட்டாப்புல."

மாடியிலிருந்து மகாலை எடுத்துவந்தார்கள். அடித்தட்டு உட்பட அப்பழுக்கில்லாத வெள்ளை. வெங்கடாசலம் அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கு" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், எல்லாம் கேட்டு முடித்த செல்லியம்மாள் ஒன்றுதான் கேட்டார். "அண்ணி உங்களை எதுக்குங்ண்ணா இப்படிப் பண்ணோணும்?"

கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் வெள்ளையடிக்கிற மாதையனும் இருந்தார். வெகு நேரம் துண்டைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து போன பிறகு, செல்லியம்மாளிடம் சொன்னார்.

"அந்தம்மா உழுந்த அன்னிக்கு, பொணத்தை எடுக்கறதுக்கு முன்னாலயே அய்யா என்னைய மாடிக்கு ஏத்தி, அந்தச் சொவுத்து மேல மட்டும் சுண்ணாம்பு பூசச் சொன்னாருங்க. நாலு வெரல் தடமுங்க... ரத்தம். ஒண்ணு பாதி வெரலு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுக்கு மேல ஒரு பூட்ஸ் தடமுங்க."