தவிலின் தொப்பிப் பக்கம்

மானாம்பதி காலனி வேதகிரி என்றால் உத்திரமேரூர் வட்டாரத்தில் எல்லாருக்கும் குழாய் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும். கல்யாணமோ காதுகுத்தோ, தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டுப் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். பதினைந்து வருஷமாக அதே வேலை. அவனுக்கு அது அலுத்துப்போயிருந்தது. குழாயில் வருவது வெறும் சத்தம், பாட்டே இல்லை என்பான். மெட்ராஸ் ரிச்சி தெருவில் வேலை பார்த்தபோது ஸ்டீரியோ கேட்டுக் கெட்டுப்போன காது அது. தன் கையால் அடித்த இரண்டு பெட்டிகள் ஒரு வீட்டுக் கூடத்துக்குள் இருந்து பாட வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றில் அது வாய்த்தது. திருமுக்கூடல் பக்கத்து நிலக்காரர் தாண்டவராயனுக்கு நாகசுரக் கேசட் என்றால் உயிர். மருமகன் துபாயிலிருந்து டெக் அனுப்பியிருந்தார். பெட்டி கட்டித்தரச் சொல்லி வேதகிரிக்கு ஆள் வந்தது. ஒரு மாதம் பலகை இழைத்து, ஸ்பீக்கர் பொருத்தி, டார்ச் கட்டை பேட்டரியை வைத்து எது பிளஸ் என்று பார்த்து, ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் பிளஸ் திருகுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பொட்டு வைத்தான். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கொண்டுபோய் மாட்டினான்.

தாண்டவராயன் கூடத்தின் நடுவில் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். இரண்டு நிமிஷத்தில் முகம் சுருங்கியது.

"இன்னாடா இது? தவுல்ல தொப்பிப் பக்கமே காணோம். தகர டப்பா தட்ற மாரி கீது."

"எனக்கு நல்லாக் கேக்குதுங்களே அய்யா."

"அப்ப நான் காதுல பஞ்சு வச்சிக்கினு கீறேனா?"

வேதகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் நின்ற இடத்தில், சுவரோரம் இடது பெட்டிக்குப் பக்கத்தில், தவிலின் தொப்பி, அடி கனமாக விழும் அந்தப் பக்கம், கும்மென்று கேட்டுக்கொண்டிருந்தது. கேசட்டை மாற்றினான். டெக்கின் ஹெட்டைத் துடைத்தான். ஆம்பிளிஃபையரைப் பிரித்து, வேர்த்து விறுவிறுத்து, எல்லாப் பற்றவைப்பையும் மறுபடி வைத்தான். அடுத்த வாரம் சைக்கிளில் வந்து ஸ்பீக்கரையே மாற்றினான். "காணோம்" என்றார். அதற்கடுத்த வாரமும் வந்தான். "காணோம்." எரிச்சலில் அவனுக்கு அழுகையே வந்தது. கிழவருக்குக் காது மந்தம் என்று மனசுக்குள் வைதான். வீட்டில் மனைவி அம்முலு வைத்த சோறு இறங்கவில்லை.

"இன்னிக்கு சரியாவலன்னா எடுத்துக்கினு பூடு. காஞ்சிபுரத்து ஆளு ரெடிமேட் பெட்டி தரேன்றான்" என்று சொல்லிவிட்டு, தாண்டவராயன் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனார்.

கூடத்தில் யாருமில்லை. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வேதகிரிக்குத் தோன்றியது: இத்தனை நாளில் இந்தக் கூடத்தின் நடுவில் அவன் ஒரு தடவைகூட நின்றதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவன் கால்கள்தான் சுவரோரமாகவே போய்ப் பழகியிருந்தன. கேட்கிறவர் காது இருக்கும் உயரத்திலேயே தன் காதும் இருக்க வேண்டும். போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தொப்பிப் பக்கம் நிஜமாகவே காணோம்.

அடுத்த நொடியே விளங்கிவிட்டது. ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. நடுவில் வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எழுந்து ஓடி வலது பெட்டியின் பின்னால் டார்ச் அடித்தான். இரண்டு திருகுக்கும் பொட்டு இருந்தது. ஆயுத பூஜைக்கு அம்முலு குங்குமம் வைத்திருக்கிறாள். ஒரு திருகு பொட்டோடும் அதன் ஜோடி வெறும் நெற்றியோடும் இருந்தால் அவள் மனசு கேட்குமா? பூஜையின்போது இடது பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்ததால் அது தப்பித்தது. இருட்டு மூலையில் அவன் கண்ணில் முதலில் பட்டது குங்குமப் பொட்டு. அதில் போய்ச் சிவப்பு ஒயரை மாட்டியிருக்கிறான்.

ஒயரை மாற்றிப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தாண்டவராயன் வந்து சாய்ந்தார். தவில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "அப்பிடிப் போடு! நெஞ்சுலயே வந்து அடிக்குதுடா. இன்னாடா பண்ண?"

மூன்று வாரத்து வேதனை ஒரேயடியாகக் கரைந்த சந்தோஷம் வேதகிரிக்கு. "ஒரு ஒயர் மாறிக் கீதுங்க. சேர்ல உக்காந்து கேட்டுப் பாத்தேன், ஒடனே புரிஞ்சிடுச்சி."

தாளம் நின்றது. பாட்டு முடியும்வரை காத்திராமல் தாண்டவராயன் எழுந்து உள்ளே போனார்.

பத்து நாள் கழித்து, அவர் நிலத்தில் வேலை செய்யும் முனியன் வேதகிரியின் கடைக்கு வந்தான். "மறுபடியும் சரியில்லியாம். வரச் சொன்னாரு."

வேதகிரி கொல்லைப் பக்கமாகப் போனான். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாய்வு நாற்காலி கிடந்தது, மேலே புண்ணாக்கு மூட்டையோடு. கூடத்தில் தாண்டவராயன் சுவரோரமாக, இடது பெட்டியை ஒட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பெட்டிதான்டா பாடுது. காஞ்சிபுரத்து ஆளு நாளைக்கு வரான். உன்னுத எடுத்துக்கோ."

"ரெண்டும் பாடுதுங்க அய்யா. நீங்க நடுவுல உக்காந்து கேக்கணும்."

அவர் வெற்று நடுக்கூடத்தைப் பார்த்தார். "எங்கடா உக்கார்றது?" என்றார்.

வேதகிரி திருப்புளியை எடுத்து, சரியாக மாட்டியிருந்த நாலு ஒயரையும் கழற்ற ஆரம்பித்தான்.